பத்தடிக்கு ஒன்றரை இஞ்ச்

பாரிவாக்கத்தில் உள்ள அந்த அடுக்ககத்தில் வீடுகள் இருபத்துநான்கு, கார் நிறுத்தும் கட்டங்கள் பதினாறு, கார்கள் இருபத்திரண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கப் போவதில்லை என்று கட்டிக் கொடுத்தவர் ஆரம்பத்தில் சமாதானம் சொன்னாராம். எல்லாரும் ஒரே நேரத்தில்தான் வீட்டில் இருந்தார்கள். ஆகவே மிச்சமிருந்த ஆறு கார்கள், கட்டங்களில் நிற்கிற கார்களுக்கு முன்னால், வண்டிகள் போய்வரும் வழியை ஒட்டிக் குறுக்காக நின்றன. அப்படி நிற்கிற வண்டியை நியூட்ரலில் விட வேண்டும், ஹேண்ட் பிரேக் போடக் கூடாது என்பது அறிவிப்புப் பலகையில் ஏழாவது விதி. உள்ளே மாட்டிக்கொண்ட கார் கிளம்பும்போது, குறுக்கே நிற்பதைத் தள்ளி வழி உண்டாக்குவது வாட்ச்மேன் எத்திராஜின் வேலை.

எத்திராஜுக்கு ஐம்பத்தேழு வயது. இதற்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இருபத்திரண்டு வருடம் இரும்புத் துண்டுகள் ஏற்றிய டிராலி தள்ளினவர். தள்ளுவதைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று விஷயம்தான். நிற்கிறதைக் கிளப்பப் பலம் வேண்டும். கிளம்பினதை ஓட்ட அவ்வளவு வேண்டாம். ஓடுகிறதை நிறுத்த மறுபடியும் வேண்டும். மற்றபடி ஒவ்வொரு காருக்கும் ஒரு குணம். எட்டாம் நம்பர் வீட்டு லாவண்யாவின் வெள்ளைக் காருக்குத் தோளைக் கொடுக்க வேண்டும். மூன்றாம் மாடிக்காரரின் பெரிய வண்டிக்கு முதலில் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். சங்கச் செயலாளர் கிரணின் புது வண்டிக்கு உள்ளங்கை மட்டும், அதுவும் துடைத்துவிட்டு.

தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் பத்துக்கு எட்டில் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அதில் அவரும் மனைவி சரசாவும் இருந்தார்கள். சரசா படிகளைப் பெருக்கித் துடைத்து, நான்கு வீடுகளில் பாத்திரமும் தேய்த்தாள். எத்திராஜின் வேலை போனால் அறை போகும். அறை போனால் அந்த நான்கு வீடும் போகும். இதை அவர்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

போன மழையில் கார் நிற்கும் இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கியது. கிரண் முன்நின்று தரையை உடைத்து, புதிதாக சிமென்ட் போட வைத்தார். தண்ணீர் கேட் பக்கத்து வடிகாலுக்கு ஓட வேண்டும் என்று தரைக்கு வாட்டம் கொடுக்கப்பட்டது. அதாவது பார்த்தால் தெரியாத சரிவு. வேலை செய்தவர் முகமது ஆசிக். அவரைக் கூட்டி வந்தது எத்திராஜ். ஆசிக் மூன்றடிக்கு ஒரு கோடு இழுத்து, தரையைக் கட்டம் கட்டமாக நன்றாகவே போட்டிருந்தார். பெய்த மழையெல்லாம் சொன்னபடி வடிகாலுக்குப் போனது.

இரண்டே நாளில் எத்திராஜின் உள்ளங்கைக்கு ஒன்று தெரிந்துவிட்டது. கேட் பக்கம் தள்ளினால் வண்டி லேசாக இருந்தது. திரும்பத் தள்ளினால் கனத்தது. தள்ளி நிறுத்திய வண்டி நிற்கலாமா போகலாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது. அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், உடைத்துப் போட்டதில் மிஞ்சிய அரைச் செங்கல்களைப் பொறுக்கி, குறுக்கே நின்ற ஒவ்வொரு வண்டியின் சக்கரத்துக்கும் ஒன்று அணை கொடுத்தார். மூன்று வாரம் சுகமாகப் போனது.

திங்கட்கிழமை சாயங்காலம் சங்கத்தின் வாட்ஸப்பில் கிரண் ஒரு அறிவிப்புப் போட்டார். கட்டி முடித்த கட்டடத்தில் செங்கல் துண்டுகள் கிடப்பது அழகல்ல, புதுத் தரையிலும் கீறல் விழுகிறது, உடனே அப்புறப்படுத்தவும். எத்திராஜ் உடனே அப்புறப்படுத்தினார்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றே கால் மணிக்குப் பன்னிரண்டாம் நம்பர் வீட்டு விஷால் மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பினான். அவன் காருக்குக் குறுக்கே லாவண்யாவின் வெள்ளைக் கார். எத்திராஜ் தோள் கொடுத்து அதைக் கேட் பக்கமாக எட்டடி தள்ளினார். டிக்கியின் விளிம்பைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். கையை எடுத்தார். நின்றது. கேட்டைத் திறக்க நடந்தார். கொண்டியில் கை வைத்தபோது பின்னால் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை, தேங்காய் விடலை அளவுகூட இல்லை. வெள்ளைக் கார், கிரணின் புது வண்டியின் பின்பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. கிரண் வண்டியின் பின்விளக்கு ஒன்று தரையில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தது. பொருள் ஒன்று, செவ்வாய்க்கிழமை சம்பவம். பொருள் இரண்டு, காவலுக்கு ஏஜென்சி அமர்த்துவது.

“ரெண்டாவது பொருள் நாமதானே?” என்று சரசா கேட்டாள்.

“மொதலாவதும் நாமதான்” என்றார் எத்திராஜ்.

வியாழக்கிழமை சாயங்காலம் சித்ரா டீச்சர் கேட் பக்கம் வந்தார். இரண்டாவது மாடி. ஆவடியில் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவர், விழுப்புரத்துக்காரர். கையில் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள் கட்டு, காதில் சிவப்புப் பேனா. நடந்ததைப் பற்றி டெக்னிக்கலாக ஒரு குறிப்பு எழுதித் தரும்படி கிரண் கேட்டிருப்பதாகச் சொன்னார்.

“தள்ளினது நீங்கதானே?”

“நான்தான் டீச்சர். இல்லன்னு சொல்லல.”

“தள்ளிட்டு நிறுத்தினீங்களா?”

“நிறுத்துனேன். நின்னுச்சு.”

“எவ்வளவு நேரம் நின்னுச்சு?”

“ஒரு மூச்சு.”

“ஒரு மூச்சுன்னா எத்தனை செகண்டு?”

“என் மூச்சா, உங்க மூச்சா?”

டீச்சர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார்: “எத்திராஜ், நின்னுச்சுன்னு நீங்க சொன்னதா எழுதலாம். நின்னுச்சுன்னு நான் எழுத முடியாது. நான் பார்க்கல. விஷாலைக் கேட்டேன், ரிவர்ஸ் கேமராவைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்னு சொல்றான். நின்னுட்டுத் தானா கிளம்பிச்சுன்னா உங்க மேல தப்பு இல்ல. நிக்காமலே போச்சுன்னா, தள்ளிவிட்டுட்டுப் பிடிக்காம போனது நீங்க. ரெண்டுல ஒண்ணுதான். வேற எதாவது சொல்லணுமா?”

தரையைச் சொல்லலாம் என்று எத்திராஜுக்கு வாய்வரை வந்தது. தரையைச் சொன்னால் போட்ட ஆசிக் மேல் போகும். ஆசிக்கைக் கூட்டி வந்தவர் இவர். போடச் சொன்ன கிரண் மேலும் போகும். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, வேலை கொடுத்தவரைக் குற்றம் சொல்வது எந்த ஊர் வழக்கம்?

“ஒண்ணும் இல்ல டீச்சர்” என்றார்.

சனிக்கிழமை ஆசிக்குக்குப் போன் போட்டார்.

“அண்ணாத்தே, இன்னா விஷயம்?”

“அந்தத் தரைக்கு எவ்ளோ வாட்டம் வச்ச நீ?”

“பத்தடிக்கு ஒன்றரை இஞ்ச். நான் ஒரு இஞ்ச் போதும்னுதான் சொன்னேன். அந்த சாருதான் ஒன்றரையா போடச் சொன்னாரு. போன்லயே கீது, காட்டவா? ஏன், தண்ணி நிக்குதா?”

“தண்ணி நிக்கல” என்றார் எத்திராஜ். “வண்டியும் நிக்கல.”

“இன்னாண்ற?”

“ஒண்ணும் இல்ல. வை.”

ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளத்துச் சங்க அறையில் பதினொரு பேர் கூடினார்கள். கிரண் லேப்டாப்பை டிவியில் இணைத்து வைத்திருந்தார். எத்திராஜ் வாசலுக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றார். வெளியே சரசா, ஏற்கெனவே துடைத்த படியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

கேமரா கேட் பக்கத்துத் தூணில் இருந்தது. வெள்ளைக் கார் நிறுத்தப்பட்ட இடத்தை இன்னொரு தூண் மறைத்தது. அதனால் படத்தில் தெரிந்தது கடைசி ஒன்பது அடி மட்டும். எத்திராஜ் தூணுக்குப் பின்னாலிருந்து வந்து, கையை வீசிக்கொண்டு கேட்டுக்குப் போகிறார். கொஞ்ச நேரம் வெறும் தரை. பிறகு வெள்ளைக் கார் கன்றுக்குட்டிபோல் அவர் போன வழியிலேயே வருகிறது. முட்டுகிறது. கேட்டில் எத்திராஜ் திரும்பிப் பார்க்கிறார்.

“பாருங்க” என்றார் கிரண். அவர் ஓசூரில் படித்துப் பெங்களூரில் வேலை பார்த்து இங்கே வந்தவர். எதையும் கோபமாகச் சொல்ல மாட்டார், புள்ளிவிவரமாகத்தான் சொல்வார். “வண்டி நிக்கவே இல்ல. அவர் தள்ளின வேகத்துலயே வந்துகிட்டு இருக்கு. நியூட்டனோட முதல் விதி. ஓடுற பொருள் ஓடிக்கிட்டேதான் இருக்கும்.”

“அப்ப நாம எதுக்கு, பாஸ், பெட்ரோல் போடறோம்?” என்றான் விஷால்.

“விஷால், ப்ளீஸ்.”

எத்திராஜ் இந்தப் படத்தை அப்போதுதான் முதல்முறை பார்த்தார். பார்த்ததும் வெளியே இருந்த காலும் உள்ளே வந்தது.

“சார், இன்னொரு தபா போடுங்க.”

போட்டார்கள். எத்திராஜ் டிவியின் அருகே போய், குனிந்து, முகத்தைப் பார்ப்பதுபோல் காரைப் பார்த்தார்.

“இது நான் தள்ளுனது இல்ல சார்.”

“நீங்க தள்ளினதா நீங்களே சொன்னீங்களே?”

“தள்ளுனேன், நிறுத்துனேன். அது வேற. இது வேற. தள்ளுன வண்டி போகப் போக சோந்து பூடும் சார். இது போகப் போக சோறு துன்ன மாதிரி வருது.”

சித்ரா டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“கிரண், மெதுவா ஓட்டுங்க. தரையில கோடு இருக்கு பாருங்க, மூணு அடிக்கு ஒண்ணு. முன் சக்கரம் எந்தக் கோட்டை எப்பத் தாண்டுதுன்னு மட்டும் பார்ப்போம். லாவண்யா, நீ மூலையில இருக்கிற டைமைப் படி.”

லாவண்யா படித்தாள். முதல் கட்டத்தைத் தாண்ட நான்கு விநாடி. அடுத்ததற்கு மூன்று. கடைசிக் கட்டத்துக்கு இரண்டு.

“தள்ளிவிட்டதுல வந்திருந்தா?” என்று கேட்டார் கிரண்.

“ரெண்டு, மூணு, நாலுன்னு வரணும். டயரும் தரையும் உரசி வேகத்தைத் தின்னுக்கிட்டே இருக்கும்ல. முதல் விதியில ‘வெளிவிசை எதுவும் செயல்படாத வரை’ன்னு ஒண்ணு இருக்கு. அதை விட்டுட்டுச் சொன்னீங்க. என் பிள்ளைங்களும் அதைத்தான் விட்டுடறாங்க. போன பரீட்சையில அது மூணு மார்க் கேள்வி.”

“எத்தனை பேர் சரியா எழுதினாங்க டீச்சர்?” என்றான் விஷால்.

“நாப்பத்திரண்டுல பதினொண்ணு.”

கிரண் எண்களை லேப்டாப்பில் ஏற்றி ஒரு வரைபடம் போட்டார். கோடு மேலே வளைந்தது. அளவு சரியா என்று பார்த்து, மறுபடி போட்டார். மறுபடியும் மேலேதான் வளைந்தது.

“வேகம் கூடுது” என்றார். ஆபீசில் ஏதோ சர்வர் விழுந்துவிட்டதைத் தெரிவிக்கிற குரல். “கூடுதுன்னா ஒரு விசை இருக்கணும். அவர் கேட்டுக்கிட்ட நிக்கறாரு. அப்ப யாரு தள்ளினது?”

பதினொரு பேரும் எத்திராஜைப் பார்த்தார்கள். குற்றம்சாட்டப்பட்டவரை அல்ல, விஷயம் தெரிந்தவரைப் பார்க்கிற பார்வை. அது அவருக்குப் பழக்கமில்லாததால் குற்றம்சாட்டுவதாகவே பட்டது.

“தரை இழுக்குது சார்” என்றார். சொன்ன கையோடு, “ஆசிக் மேல தப்பு இல்ல சார்” என்றும் சேர்த்தார்.

கிரண் தன் போனை எடுத்து மேலும் கீழும் தள்ளித் தேடினார். ஒரு நிமிடம் ஆயிற்று. கிடைத்ததை, போன கூட்டத்து நடவடிக்கைக் குறிப்பை வாசிக்கிற அதே குரலில் வாசித்தார்: “ஆசிக், மேஸ்திரி: பத்தடிக்கு ஒரு இஞ்ச் போதும் சார். நான்: தண்ணி நிக்கவே கூடாது, ஒன்றரை போடுங்க. ஆசிக்: சரிங்க சார்.” போனைக் கவிழ்த்து வைத்தார். “நான்னா, நான்தான்.”

“ஒரு இஞ்ச் சரிவுன்னா டயரோட உராய்வே பிடிச்சு நிறுத்தியிருக்கும்” என்றார் டீச்சர். “ஒன்றரைக்கு அது போதல.”

“செங்கல் எதுக்கு வச்சீங்க?” கிரண் எத்திராஜைக் கேட்டார்.

“அதுக்குத்தான் சார்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“எடுக்கச் சொன்னீங்க சார். ஏன் வச்சேன்னு கேக்கல.”

கிரண் தலையை ஆட்டினார். ஆனால் படித்த படிப்பு விடவில்லை. ஒரு வீடியோவை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது, நேரில் ஒருமுறை செய்து பார்த்தால்தான் தீர்மானம் எழுத முடியும் என்றார். இன்னொருவர் வண்டியைக் கேட்பது நியாயமில்லை என்று தன் வண்டியையே கொடுத்தார். அதற்குப் பின்விளக்கு ஏற்கெனவே இல்லை.

எல்லாரும் கார் நிற்கும் இடத்துக்குப் போனார்கள். வழியின் மேல்கோடியில் கிரண் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். நியூட்ரலில் விட்டார், ஹேண்ட் பிரேக்கை இறக்கினார், மிதித்திருந்த பிரேக்கிலிருந்து காலை எடுத்தார், இறங்கிக் கதவைச் சாத்தினார். இரண்டு பக்கமும் பதினொரு பேர், போனும் கையுமாக நின்றார்கள்.

“நிக்குதே” என்றான் விஷால்.

நின்றது. ஒரு மூச்சு நேரம், எத்திராஜின் மூச்சு. பிறகு அது கிளம்பியதை ஒருவரும் பார்க்கவில்லை. சக்கரம் முதல் கோட்டின் மேல் இருந்தது, அப்புறம் கோடு சக்கரத்துக்குப் பின்னால் இருந்தது. அவ்வளவுதான்.

“எட்டு!” என்றாள் லாவண்யா.

கிரண் எழுதிக்கொண்டார். வண்டி இரண்டாவது கட்டத்தில் போனது.

“நாலு.”

எழுதிக்கொண்டார். டீச்சர் கோட்டுக்கு நேராகக் குனிந்து, சரியாகத்தான் தாண்டுகிறதா என்று பார்த்தார். விஷால் வண்டியோடு பக்கத்திலேயே நடந்து படம் எடுத்தான். “மூணு.” எல்லாருக்கும் ஒரு திருப்தி வந்தது. கணக்கு அச்சாக வருகிறது. வழியின் கீழ்க்கோடியில் லாவண்யாவின் வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது. நேரம் பார்க்க ஒருவர், கோடு பார்க்க ஒருவர், எழுத ஒருவர், படம் எடுக்க ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டவர்கள், வண்டியை நிறுத்த ஒருவர் என்று மட்டும் பிரிக்கவில்லை.

“ரெண்டு” என்றாள் லாவண்யா.

எத்திராஜ் போனார். டிராலி தள்ளினவன் இரண்டு வண்டிக்கு நடுவில் நிற்க மாட்டான். முன்விளக்கை ஒட்டிப் பக்கவாட்டில் போய், துடைக்க நேரமில்லாத உள்ளங்கைகளை வைத்து, வண்டியோடு சேர்ந்து பின்பக்கமாகவே நடந்தார். வருகிற கனத்தை எதிர்த்து நின்றால் கை முறியும். கூடவே நடந்து, நடக்கிற அடியைச் சிறிசாக்கி, அதற்குத் தெரியாமல் அதை நிறுத்த வேண்டும். நான்கு அடி வைத்தார். வெள்ளைக் காருக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

“கடைசி ரீடிங் போச்சு” என்றார் கிரண். பிறகு இடையில் இருந்த ஒரு சாணைப் பார்த்தார். பார்த்துவிட்டு, “பரவாயில்ல” என்றார்.

உடனே எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். கிரண் காகிதத்தை அறிவிப்புப் பலகையில் வைத்து, நின்றபடியே எழுதினார். செவ்வாய்க்கிழமை வெள்ளைக் கார் தானாக நகர்ந்தது என்று தீர்மானம் ஒன்றைத் தொடங்கினார். தானாக என்று எழுதக் கூடாது என்று டீச்சர் ஆட்சேபித்தார். எதுவும் தானாக நகராது, சரிவினால் என்று எழுதுங்கள் என்றார். சரிவினால் என்றால் சங்கத்தின் பேர் கெடும் என்று மூன்றாம் மாடிக்காரர் சொன்னார்.

“சார், யாராவது உள்ள ஏறி பிரேக்கைப் போடுங்க சார்” என்றார் எத்திராஜ்.

“ஒரு நிமிஷம் எத்திராஜ்” என்றார் கிரண். “உங்க விஷயம்தான் எழுதிக்கிட்டு இருக்கோம்.”

நிற்கிற வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்க அதிகப் பலம் தேவைப்படவில்லை. ஒரு கை போதும். இன்னும் சொன்னால், ஒரு கையிலும் பாதி. ஆனால் அந்தப் பாதியை எடுக்க முடியாது.

சரிவினால் என்றே எழுதப்பட்டது. தீர்மானம் இரண்டு, காவலுக்கு ஏஜென்சி அமர்த்துவது கைவிடப்படுகிறது, எத்திராஜ் தொடர்வார், ஏகமனதாக. தீர்மானம் மூன்று, ஏழாவது விதியில், சக்கரத்துக்கு அணைகட்டை வைக்க வேண்டும் என்று சேர்க்கப்படுகிறது. மரக்கட்டையா ரப்பர்க்கட்டையா என்பதில் அபிப்பிராய பேதம் வந்தது. ரப்பர் நழுவாது என்றார் டீச்சர். மரம் வெடிக்கும் என்றான் விஷால். எல்லாரும் பேசிக்கொண்டே மறுபடி சங்க அறைக்குள் போனார்கள்.

சரசா துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். கணவன் ஒரு கையைக் காரின் மேல் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப்போல் நிற்பதைப் பார்த்தாள்.

“இன்னா சொன்னாங்க? ரூமைக் காலி பண்ணணுமா?”

“வாணாமாம்.”

“நெசமாவா?”

“எழுதிட்டாங்க.”

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்பறம் ஏன்யா இன்னும் வண்டிய புட்ச்சிகினு நிக்கிற? வுட்டுட்டு சாப்பிட வா.”

“வுட்டா மறுபடியும் மீட்டிங் போடுவாங்க” என்றார் எத்திராஜ், கையை மாற்றிக்கொண்டு.